பதிவில் ஓடிக்கொண்டிருக்கும் லாண்ட்மாஸ்டர்

பட்டப்படிப்பை முடித்துவிட்டு மூன்று வருடம் வீட்டில் இருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, வீடு வீடாகப் போய் ஆட்களின் வறுமையை அளப்பது. அரசாங்கம் புதிதாக ஒரு நிவாரணக் கொடுப்பனவைத் தொடங்கியிருந்தது. பழைய திட்டத்தில் வேண்டியவர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் போன காசு, இனிமேல் உண்மையாகவே இல்லாதவர்களுக்குப் போகும் என்றார்கள். அதற்கு எல்லாக் குடும்பங்களின் விவரங்களையும் ஒரே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நான் அதை நம்பினேன். நம்பியதை மறைக்காமல் எழுத வேண்டும். பிறகு எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த நம்பிக்கையின் மேல்தான் வந்தது.

பிரதேச செயலக மண்டபத்தில் ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். கைத்தொலைபேசியில் கேள்விகள் வரும். கேட்டு, பதிலை அழுத்த வேண்டும். "உங்கள் கூரையின் பிரதான மூலப்பொருள் யாது?" என்று ஒரு கேள்வி. எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் அப்படிக் கதைப்பதில்லை. வேறெங்கோ இருந்து யோசித்து, வேறொரு மொழியில் எழுதி, கடைசியாகத் தமிழுக்கு மாற்றியிருந்தார்கள். வகுப்பு எடுத்தவர் ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நீங்கள் ஒண்டும் யோசிக்க வேண்டாம். அவை சொல்லுறதை அமத்துங்கோ. மிச்சத்தை சிஸ்டம் பாக்கும்."

நான் போன வீடுகளில் ஒன்று, ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் கிரவல் ரோட்டின் முடிவில், காட்டோரமாக இருந்தது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. முன்சுவர் மட்டும் பூசப்பட்டிருந்தது; மற்றப் பக்கங்களில் கல் தெரிந்தது. முதல் நாள் யானை வந்து வாழைகளை முறித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. முறிந்த வாழைகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். கூலிக்கு உடைக்கும் நிலக்கடலை. பக்கத்தில் அவரது மகள், இருபது வயதுப் பெண், கோதைப் புடைத்துக்கொண்டிருந்தாள். போரின் கடைசி மாதங்களில் அவளுக்கு ஐந்து வயது. தலைக்குள் ஒரு சின்ன ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. அதனால் வலிப்பு வரும். நாளுக்கு இரண்டு குளிசை தவறாமல் போட வேண்டும்.

"இருங்கோ பிள்ளை" என்று கதிரையைத் துடைத்துத் தந்தார் அந்த அக்கா. நான் தொலைபேசியைத் திறந்தேன்.

"குடும்பத் தலைவர் ஆர் அக்கா?"

"அவர்தான்."

"எங்க நிக்கிறார்?"

அக்கா கையிலிருந்த கச்சானை உடைத்துச் சுளகில் போட்டார். "அதைத்தான் பிள்ளை நானும் பதினைஞ்சு வரியமாக் கேட்டுக்கொண்டு திரியிறன்."

திரையில் நான்கு பதில்கள் இருந்தன. உடன் வசிக்கிறார். இறந்துவிட்டார். பிரிந்து வாழ்கிறார். வெளிநாட்டில் உள்ளார். ஐந்தாவதாக ஒன்று இல்லை. வன்னியில் வீடு வீடாகப் போய்க் கேட்கும் படிவத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர் என்று ஒரு பதில் இல்லை! ஒன்றையும் அழுத்தாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போக விடாது. நான் 'பிரிந்து வாழ்கிறார்' என்பதை அழுத்தினேன்.

"என்னெண்டு போட்டனீங்கள்?"

"வேற எண்டு போட்டனான் அக்கா."

அது பொய். அந்த முற்றத்தில் அன்று சொல்லப்பட்ட ஒரே பொய்யும் அதுதான்.

வாகனம் பற்றிக் கேட்டபோது அக்கா ஒரு லாண்ட்மாஸ்டர் இருந்ததாகச் சொன்னார். இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நகையை அடைவு வைத்து, இரண்டு போக நெல்லையும் விற்றுக் கணவர் பெயரில் வாங்கியது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை வரைக்கும் வீட்டுச் சாமான்களை அதில்தான் கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு நாள் பக்கத்துப் பதுங்குகுழியில் காயப்பட்டவர்களை அதன் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு கணவர் மருந்து கட்டும் இடத்துக்குப் போனார். திரும்பி வரவில்லை. இரண்டு நாள் கழித்து அக்கா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தேடிப் போனார். லாண்ட்மாஸ்டர் எரிந்துபோய்ப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அவரும் இல்லை, ஏற்றிப் போனவர்களும் இல்லை.

"அப்ப இப்ப வாகனம் இல்லைத்தானே?" என்று கேட்டேன்.

"எங்கால பிள்ளை."

'இல்லை' என்பதை அழுத்தினேன். தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

சில மாதங்கள் கழித்துத் தெரிவானவர்களின் பட்டியலைக் கிராம சேவகர் கந்தோர்ச் சுவரில் ஒட்டினார்கள். சனம் ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்தது. அக்காவின் பெயர் தெரிவானவர்களில் இல்லை; நிராகரிக்கப்பட்டவர்களில் இருந்தது. காரணம் எழுதியிருந்ததை மகள்தான் சத்தமாக வாசித்தாள்.

"அம்மா, உங்களிட்ட உழவு இயந்திரம் இருக்காம்."

யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அப்ப ஏனம்மா நாங்கள் இவ்வளவு தூரம் நடந்து வந்தனாங்கள்?"

அக்கா சிரிக்கவில்லை. பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நடந்தது எனக்கு அடுத்த நாளே தெரிந்தது. எங்கள் வேலைக்குப் பொறுப்பான அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நேர்த்தியாகச் சட்டை போட்டிருந்தார்.

"தங்கச்சி, நீங்கள் வாகனம் இல்லை எண்டு போட்டிருக்கிறியள். வாகனப் பதிவில இருக்கு. ரெண்டையும் சிஸ்டம் ஒப்பிட்டுப் பாத்திருக்கு. ஆர் பொய் சொன்னது? அவாவோ, நீங்களோ?"

"சேர், அது எரிஞ்சுபோச்சு. யுத்த நேரம்."

"எரிஞ்சதெண்டு பதிவில இல்லையே."

"சேர், அந்த நேரம் ஆர் பதிஞ்சது?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். பிழையான தகவல் ஏற்றியதற்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டுமாம். எழுதினேன்.

போர் முடிந்து மீளக் குடியேறப் போனபோது நானும் சின்னப் பிள்ளைதான். பஸ் யன்னலால் அந்தக் குவியலைப் பார்த்தேன். சைக்கிள், மோட்டார் சைக்கிள், வான், பஸ், உழவு மெசின், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கறள் பிடித்து, தென்னை உயரத்துக்கு. அம்மா என் கண்ணைப் பொத்தினா. அதன் பிறகு அவற்றையெல்லாம் வெட்டி, லொறிகளில் ஏற்றி இரும்புக்குக் கொண்டு போனார்கள். உரிமையாளர் யார் என்று ஒருவரையும் கேட்கவில்லை. இரும்பாக விற்கும்போது அது யாருடையதும் அல்ல. ஒரு மனிசிக்கு மாதம் கொஞ்சக் காசு கொடுக்க வேண்டி வந்ததும் அது அவருடைய லாண்ட்மாஸ்டர் ஆகிவிட்டது. இலக்கம், நிறம், இயந்திர எண்ணோடு ஓடத் தொடங்கிவிட்டது.

அதே பட்டியலில், நெல் ஆலை வைத்திருக்கும் ஒருவர் தெரிவாகியிருந்தார். ஆலை வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் பெயரில். லொறி மச்சானின் பெயரில். கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவர் பொய் சொல்லாமல்தான் பதில் சொன்னார். அந்தப் படிவத்தை நிரப்பியதும் நான்தான்.

மேன்முறையீட்டை இணையத்தில்தான் செய்யலாம் என்றார்கள். அக்காவிடம் இருந்தது பட்டன் ஃபோன். என்னுடையதில் நானே நிரப்பினேன். உதவி இலக்கத்துக்கு எடுத்தால் தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் சிங்களத்தில் ஒருவர் கதைப்பார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எரிந்துபோனது என்று சொன்னேன். எப்போது என்று கேட்டார். சொன்னேன். இதைத் தன்னால் பதிய முடியாது, பிரதேச செயலகத்தில் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

புதிய திட்டம் தொடங்கிய அன்றே பழைய திட்டத்தின் காசை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. கிளினிக்கில் குளிசை முடிந்துபோகும் மாதங்களில் பாமசியில் வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் அக்கா குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் காலை குழாய்க் கிணற்றடியில் மகள் வலிப்பில் விழுந்து நெற்றி கிழிந்தது. ஏழு தையல். ஆஸ்பத்திரிக்கு நான் பார்க்கப் போனபோதுதான் பாதிக் குளிசைக் கதை தெரிந்தது.

"உழவு மெசின்காரியின்ர மகள் எண்டு சொல்லி எனக்குத் தனி அறை கேளுங்கோ அக்கா" என்றாள் அவள், கட்டுப் போட்ட தலையோடு.

நான் வெளியே வந்து நின்றேன். என் ஃபோனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது, ஆங்கிலத்தில். உங்கள் மேன்முறையீடு பரிசீலனையில் உள்ளது.

விசாரணைக்குக் கூப்பிட நான்கு மாதம் ஆனது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கணினியைப் பார்த்து வாசித்தார்.

"கணவர், பிரிந்து வாழ்கிறார்."

அக்கா பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரையே பார்த்துக் கேட்டார்.

"ஆர் சொன்னது?"

"நீங்கள் சொன்னதாகத்தான் இருக்கு."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை."

"நான்தான் சேர் போட்டனான்" என்றேன். "வேற பதில் இருக்கேல்லை."

"சரி சரி, அதில பிரச்சினை இல்லை. அதுக்குப் புள்ளி கூடத்தான். வாகனம்தான் இஞ்ச பிரச்சினை." அவர் என்னை ஆறுதல்படுத்துவதுபோலச் சொன்னார். பிரிந்து வாழ்கிறவர் என்றால் வறுமைக் கணக்கில் புள்ளி கூட. அதைக் கேட்ட அக்காவின் முகம் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. வெளியே வந்த பிறகு என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "உமக்கும் அமத்த ஒரு இடம் வேணும்தானே" என்று மட்டும் சொன்னார்.

வாகனப் பதிவிலிருந்து நீக்கிக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்பது விசாரணையின் முடிவு. ஆகவே ஒரு திங்கட்கிழமை வவுனியாவுக்குப் புறப்பட்டோம். மாங்குளத்தில் பஸ் மாறி, கனகராயன்குளம் தாண்டிப் போய்ச் சேரப் பதினொரு மணியாகிவிட்டது. அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண். நல்ல மாதிரிப் பேசினார், கதிரை தந்தார். அந்த மரியாதை எரிச்சலைக் கூட்டியது. கத்தவும் வழியில்லை.

"பதிவை நீக்குறதுக்கு உரிமையாளர் வந்து கையெழுத்து வைக்க வேணும் அம்மா. இலக்கத் தகடு ரெண்டும் கொண்டுவர வேணும். இல்லையெண்டால் விபத்து நடந்த நேரம் பொலிசில எழுதின முறைப்பாட்டின்ர பிரதி."

"மிஸ், அந்த நேரம் அந்த இடத்தில எந்தப் பொலிசிட்டப் போறது?" என்று நான் கேட்டேன். "ஷெல் விழேக்க ஆர் முறைப்பாடு எழுதினது?"

"எனக்கு விளங்குது தங்கச்சி. ஆனால் விதி அப்பிடி. உரிமையாளர் வந்தால் லேசா முடியும்."

அக்கா மடியிலிருந்த பைலை மேசையில் வைத்தார்.

"மிஸ், அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுறியள். பதினைஞ்சு வரியமா எத்தனை கந்தோரில நான் அவரைக் கேட்டுப்போட்டன். நீங்கள்தான் முதன்முதலா என்னட்ட அவரைக் கேக்கிறியள்."

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "உரிமையாளர் இறந்திட்டார் எண்டால், மரணச் சான்றிதழோட மனைவி கையெழுத்து வைக்கலாம். யுத்தத்தில இறந்தவைக்கு இப்ப எடுக்கிறது லேசு."

அக்கா எழும்பினார். வெளியே வந்துவிட்டோம்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கூசுகிறது. திரும்பி வர பஸ்ஸுக்காக நின்றபோது, பசி, வெயில், அடுத்த மாதக் குளிசை எல்லாம் சேர்ந்து என்னைப் பேச வைத்தன.

"அக்கா, அந்தச் சான்றிதழை எடுத்தால் என்ன? பேப்பர்தானே. பேப்பரில எழுதினால் உண்மை ஆகிடுமோ?"

அவர் பஸ்ஸில் வேறு ஆசனத்தில் போய் இருந்தார். கிரவல் ரோட்டில் என்னை முன்னே விட்டு, தான் பின்னே நடந்து வந்தார்.

மூன்று கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. போக முகம் இல்லை. அவருடைய கணவரைக் காணாமல் ஆக்கியது யாரோ. அவர் செத்துவிட்டார் என்று கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டது நான். காசு கொடுக்காமல், வருகிற வழியையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, ஒரே ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தார்கள். அதற்குள்ளே அவரைத் தள்ளுகிற வேலையை நான் சம்பளம் வாங்காமல் செய்தேன். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அம்மா, "நீ நல்லதுக்குத்தானே சொன்னனீ" என்றா. நல்லதுக்குத்தான். அந்தக் கந்தோர்களில் இருந்த எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள்.

நான்காவது கிழமை அக்காவே எங்கள் வீட்டுக்கு வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, கோபம் எதுவும் இல்லாத குரலில் சொன்னார்.

"வெளிக்கிடும் பிள்ளை. பொலிசுக்குப் போவம்."

"என்னத்துக்கு அக்கா?"

"லாண்ட்மாஸ்டரைக் காணேல்லை எண்டு முறைப்பாடு குடுக்க."

"அவை அந்த நேரத்து முறைப்பாடெல்லோ கேக்கினம். பழைய திகதியில எழுத மாட்டினம்."

"பழைய திகதி வேண்டாம். இண்டைக்கு எழுதட்டும். இண்டைக்கும் அதைக் காணேல்லைத்தானே."

பட்டம் படித்தவள் நான். இந்த யோசனை எனக்கு வரவில்லை.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதும் மேசையில் ஓர் இளம் பொலிஸ்காரர் இருந்தார். பேச்சில் மலையகத்துப் பிள்ளை என்று தெரிந்தது.

"சொல்லுங்கம்மா. என்ன தொலைஞ்சு போச்சு?"

"லாண்ட்மாஸ்டர் ஒண்டு." அக்கா பைலிலிருந்து கணினியில் எடுத்த பதிவு விவரத்தை வெளியே எடுத்து வைத்தார். விசாரணையில் எங்களுக்கு ஆதாரமாகத் தந்த அதே தாள். "இஞ்ச இருக்கு இலக்கம். அரசாங்கம் இது என்னட்ட இருக்கெண்டு சொல்லுது. என்னட்ட இல்லை. அப்ப களவு போயிருக்க வேணும்."

"எப்ப கடைசியா பாத்தீங்க?"

அக்கா திகதியைச் சொன்னார். இடத்தையும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. பொலிஸ்காரர் பின்னால் திரும்பிப் பெரியவரின் அறையைப் பார்த்தார், கதவு சாத்தியிருந்தது.

"அம்மா, இது ரொம்ப பழசு. இத எழுத முடியுமான்னு தெரியல."

"ஏன் தம்பி ஏலாது? பழசெண்டால் பதிவில ஏன் புதுசா இருக்கு?"

அவர் எழும்பிப் போய்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு வந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஐந்து நிமிடம் இருக்கும். வந்து உட்கார்ந்து, "எழுதுறேன், சொல்லுங்க" என்றார். எரிந்த நிலையில் கண்டதாகவும், பின்னர் அவ்விடத்தில் இல்லாமற் போனதாகவும், யார் கொண்டு போனார்கள் எனத் தெரியாது எனவும் அக்கா சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். கையெழுத்துக்குப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார்.

அக்கா பேனையை எடுக்கவில்லை.

"அதை ஓடிக்கொண்டு போனவரையும் காணேல்லை. அதையும் எழுதுங்கோ."

"அம்மா, இது வாகன முறைப்பாடு."

"ரெண்டும் ஒண்டாத்தான் போனது."

"ஆளுக்கு வேற எடத்துல முறைப்பாடு குடுத்திருப்பீங்கதானே?"

"எல்லா இடத்திலயும் குடுத்தனான். எழுதினது எழுதினபடி கிடக்கு. லாண்ட்மாஸ்டரைத்தான் அரசாங்கம் மறக்கேல்லை. அதோட சேத்து எழுதினால் அவரையும் மறக்க மாட்டினம்."

பொலிஸ்காரர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, கீழே இரண்டு வரி சேர்த்தார். மேற்படி வாகனத்தைச் செலுத்திச் சென்ற எனது கணவரையும் அன்றிலிருந்து காணவில்லை. அக்கா அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்த பிறகு கையெழுத்து வைத்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கிட்டப் போகவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நான் சொன்னதற்குப் பிறகு, கிட்டப் போகும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அவரே முகத்தைத் துடைத்துவிட்டு, "வாரும், வீட்டில பிள்ளை தனிய நிக்குது" என்று கூப்பிட்டார்.

முறைப்பாட்டுப் பிரதியோடு மறுபடி வவுனியாவுக்குப் போனோம். அதே பெண் அதிகாரி இரண்டு முறை வாசித்தார். எங்கோ ஃபோன் எடுத்துக் கேட்டார். அந்த வாகனம் காணாமற் போனதாகப் பதிவில் குறித்து ஒரு கடிதம் தந்தார். விதியில் அதற்கு இடம் இருந்திருக்கிறது. முதல் நாளே இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது கச்சான் உடைக்கிற ஒரு மனிசியின் வேலையாகப் போய்விட்டது.

மேன்முறையீடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகும் காசு வரவில்லை. பாங்க் புத்தகத்தில் அக்காவின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்துக் கூடுதலாக இருந்ததாம். அடையாள அட்டையில் அது இல்லையாம். போன காசு திரும்பி வந்துவிட்டதாம். அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு மாதம். முதல் மாதக் காசைக் கையில் எடுத்த அன்று, விடுபட்ட மாதங்களுக்கு என்ன என்று நான் கேட்டேன். அனுமதித்த திகதியிலிருந்துதான் தருவார்களாம். பிழை அவர்களுடையது என்று அவர்களே ஒத்துக்கொண்ட பிறகும், அந்தப் பிழையின் செலவு அக்காவுடையது. நெற்றித் தழும்பு மகளுடையது.

நான் நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். காணாமல் ஆக்கப்பட்டவர் என்று ஒரு பதிலைச் சேருங்கள். ஒரு கணினி சொல்வதை வைத்து ஒருவரை வெட்டுவதற்கு முன், முற்றத்தில் போய்ப் பார்க்க ஓர் ஆளை அனுப்புங்கள். முடிவு தெரியும்வரை பழைய காசை நிறுத்தாதீர்கள். செய்தியைத் தமிழில் அனுப்புங்கள். இதில் எது பெரிய விசயம்? எதற்குக் கோடிக்கணக்கில் வேண்டும்? தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அடுத்த முறை கணக்கெடுப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்ல எனக்கு ஆசைதான். வேலை இல்லாதவள் அப்படிச் சொல்லக் கூடாது.

ஆனால் அக்காவின் முறைப்பாட்டுக் கதை ஒட்டுசுட்டான் முழுக்கப் பரவிவிட்டது. முதலில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். எரிந்த மோட்டார் சைக்கிள். பிறகு இன்னொருவர், வான். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மாவுக்கு, தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரை விட்டு வெளியேற்றிய அன்று விட்டுப்போன லொறி இன்னும் மறைந்த கணவரின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்த லொறியை அவர் மறந்தே போயிருந்தார். ஒவ்வொருவரையும் அக்கா தானே கூட்டிக்கொண்டு போனார். ஒரு நாள் ஐந்து பேர் பொலிஸ் நிலைய வாங்கில் வரிசையாக இருந்ததைப் பார்த்து, அந்த மலையகத்துப் பொலிஸ்காரர் தலையில் கை வைத்தார்.

"அம்மா, இன்னைக்கு எத்தன மெசினு?"

"மூண்டு மெசின், ஒரு வான், ஒரு லொறி" என்றார் அக்கா. பிறகு வாங்கில் முதலாவதாக இருந்த பெண்ணின் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "முதலில வாகனத்தை எழுதுவிச்சுப்போட்டு, கையெழுத்து வைக்க முன்னம் உம்மட ஆளையும் சொல்லும். தம்பி எழுதுவான்."